முதலாளி தைத்த மூட்டை

ஆயுத பூஜை வந்தால் பூமாரி அந்தத் துப்பாக்கிக்கும் ஒரு பொட்டு வைப்பாள். கவாத்துக் கத்தி, களைக்கொத்து, மருந்தடிக்கிற பம்பு, சாக்கு தைக்கிற ஊசி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பலகையில் வரிசையாக வைத்துவிட்டு, கடைசியாகப் பரணிலிருந்து துப்பாக்கியை இறக்குவாள். கட்டையில், கை பிடிக்கிற இடத்துக்குச் சற்று மேலே, சந்தனம் குழைத்து வைத்து நடுவில் குங்குமம். வருஷா வருஷம் ஒரே இடம்தான். மரம் அதைக் குடித்துக் குடித்து, துடைத்தாலும் போகாத ஒரு சிவப்பு வட்டம் புளியங்கொட்டை அளவுக்கு விழுந்துவிட்டது. துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் ஜோபி முதலாளி வேதக்காரர். "என்றே தோக்கை நீ மாரியம்மனாக்கிட்டியே பூமாரி" என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே பொரிகடலையும் வாங்கித் தின்பார்.

துப்பாக்கி முதலாளியுடையது, குடியிருப்பது நல்லமுத்து வீட்டில். அந்த வீடும் முதலாளியுடையதுதான். சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்கு நடுவே கல் சுவரும் தகரக் கூரையுமாக நிற்கிற வீடு. நல்லமுத்துவுக்குத் தோட்டக் காவல், கவாத்து, மருந்தடி. அவன் பெண்டாட்டி பூமாரிக்குக் காய் எடுப்பு. காட்டுப்பன்றி இறங்கி ஏலத்தூரைக் கிண்டினால் நல்லமுத்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவான். சத்தத்துக்கே ஓடிவிடும். எப்போதாவது ஒன்று விழும். அன்றைக்குத் தொடையும் ஈரலும் முதலாளி வீட்டுக்கு, தலையும் கழுத்தும் நல்லமுத்து வீட்டுக்கு. லைசென்ஸ் என்ற பேச்சை அந்த மலையில் யாரும் எடுத்ததில்லை. பன்றி லைசென்ஸ் எடுத்துக்கொண்டா வருகிறது என்று கேட்பார் ஜோபி.

நல்ல மனுஷர் என்றுதான் ஊரில் பேர். பூமாரியைக் கட்டுவிரியன் கடித்த மழைக்காலத்தில், ரோட்டில் மரம் விழுந்து கிடக்க, ரம்பத்தை எடுத்துத் தானே அறுத்து ஒதுக்கி, ஜீப்பில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் அவர். அதை அவரும் மறக்கவில்லை, இவர்களையும் மறக்க விடவில்லை.

ஆடி மாதம் மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு ஆட்டோ மைக்கைக் கட்டிக்கொண்டு மலை ரோட்டில் ஏறியது. மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் ஸ்டேஷனில் ஒப்படைத்தால், வைத்திருந்ததற்குக் கேஸ் கிடையாது. கெடு முடிந்து பிடிபட்டால் உள்ளே போக வேண்டியதுதான். ஏலத்தட்டைகளுக்கு நடுவே குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து கேட்டுவிட்டுத் திரும்பக் குனிந்தார்கள். பூமாரி மட்டும் குனியவில்லை. இடுப்பில் கட்டியிருந்த பையைப் பிடித்தபடி மைக் சத்தம் வளைவு திரும்பிப் போகிறவரைக்கும் நின்றாள்.

மறுநாள் ஜோபி வந்தார். தலையில் கமுகம்பாளைத் தொப்பி, காலில் அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை காலுறை. பூமாரி அவித்த கப்பைக்கிழங்கும் கருவாட்டுச் சம்மந்தியும் வைத்தாள். கூடவே கட்டன் சாயா. அவர் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நன்றாகச் சாப்பிட்டு முடித்து, விரலை நக்கிக்கொண்டுதான் பேச்சை எடுத்தார்.

"நல்லமுத்தே, அந்தச் சாதனத்தைக் கொண்டு குடுத்துரணும். இனி வச்சா ஆபத்தாக்கும்."

"குடுத்துருங்க மொதலாளி. எனக்கும் கேட்டதுலருந்து மனசு சரியில்ல."

"ஞான் குடுக்க முடியாதுடா. என்றே பேருல லைசென்ஸ் உள்ள தோக்கு ஒண்ணு உண்டு, நீ கண்டதுதானே. கள்ளத்தோக்கும் உண்டுன்னு பறஞ்சா உள்ள லைசென்ஸும் போகும். நீ கொண்டு போ. நின்றே பேருல குடு."

நல்லமுத்து பூமாரியைப் பார்த்தான். அவள் கப்பைச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேசு கீசுன்னு வந்துறாதுல்ல மொதலாளி?"

"கேசில்லேன்னு கவர்மெண்டே மைக்கு கெட்டிப் பறஞ்சில்லே. எஸ்.ஐ. சாறையும் ஞான் கண்டு சம்சாரிச்சாச்சு. எவிடுன்னு கிட்டிச்சுன்னு கேட்டா, என் அப்பன் காலத்துலருந்து வீட்டுல கிடந்துச்சுன்னு பறஞ்சாப் போதும். ஒரு ஒப்பு போடு, போயிட்டே இரு."

"எங்க மாமனார் போடியில மாடு மேய்ச்சவரு" என்றாள் பூமாரி. "அவருக்கு ஏது மொதலாளி துப்பாக்கி?"

ஜோபி சிரித்தார். "மாடு மேய்க்கிறவனுக்குத் தோக்கு கூடாதுன்னு உண்டா? நீ பேடிக்காதே பூமாரி. ஞான் இருக்கேனல்லோ."

போகும்போது துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றித் தன்னோடு எடுத்துக்கொண்டார். குழலுக்குள் பழைய மருந்து கெட்டிப் பிடித்திருக்கும், ஸ்டேஷனில் வைத்து வெடித்தால் வம்பு, கொல்லனிடம் கொடுத்துச் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்றார். நல்லமுத்து ஜீப் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போனான்.

கெடு முடிய ஓரிரு நாள் இருக்கும்போது துப்பாக்கி திரும்பி வந்தது. ஏலக்காய்ச் சாக்கில் நீளவாக்கில் சுருட்டி, வாயைப் பச்சை நைலான் நூலால் தைத்திருந்தது. குறுக்கும் நெடுக்குமாக விழுகிற அந்தத் தையல் ஜோபியின் கைத்தையல். தோட்டத்தில் யாருக்கும் அது தெரியும்.

ஏலத்தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டோரில் காய் உலர்ந்து, தரம் பிரித்து, மூட்டை கட்டியபின் வாய் தைப்பது முதலாளி மட்டும்தான். தைத்த மூட்டையை வேலைக்காரன் சுமப்பான், ஜீப்பில் ஏற்றுவான், கூடவே போய் டிப்போவில் இறக்குவான். தையலைத் தொடமாட்டான். தொட்டால் திருடன். பூபதிராஜா என்று ஒருவன் இருந்தான். ஜீப்பில் ஏற்றும்போது தையல் இளகிக் கீழே சிந்திய காயைப் பொறுக்கி, அந்த இடுக்கு வழியாகவே உள்ளே போட்டான். உள்ளே போட்டவனைத்தான் சொல்கிறேன், வெளியே எடுத்தவனை இல்லை. அன்று சாயந்திரமே அவன் சட்டி பானையோடு மலை இறங்கினான். அதற்கப்புறம் எந்தத் தோட்டத்திலும் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை.

பூமாரி சாக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"இந்தாங்க, கனம் கூடுதலா இருக்கே."

"சாக்கு நனைஞ்சிருக்கும்."

"நனைஞ்சா இம்புட்டா? ஒரு ஓரத்தப் பிரிச்சுப் பாருங்க. நான் அதேமாரி தெச்சுத் தாரேன்."

"ஏ, மொதலாளி தெச்சதப் பிரிக்கச் சொல்றியா? போத்தா அங்கிட்டு."

"காயா இருந்தா நான் ஏன் கேக்கப்போறேன். போலீசுக்குக் கொண்டு போறோம். என்னத்தக் கொண்டு போறோம்னு பாக்க வேணாமா?"

"நம்ம துப்பாக்கிய நமக்குத் தெரியாதா? பேசாம இரு."

அவளும் பேசாமல்தான் இருந்தாள். அதை நினைத்துப் பிற்பாடு எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் சோனா என்கிற பெண் போலீஸ் இருந்தாள். தமிழ் கொஞ்சம் வரும். நாலைந்து பேர் அதே வேலையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், ரேஷன் கடைக்கு வந்தவர்கள் மாதிரி. நல்லமுத்து முறை வந்தது. சோனா பிளேடால் பச்சை நூலை அறுத்துச் சாக்கை உருவினாள்.

நல்லமுத்து குனிந்து பார்த்தான். மேஜைமேல் கிடந்தது அவன் வீட்டுப் பரணில் கிடந்த துப்பாக்கி இல்லை. இது நீளம், குழல் தடிமன். கட்டையின் அடிமூலை ஒடிந்து, ஒடிந்த இடத்தில் எண்ணெய் தடவியிருந்தது. பொட்டு இருக்கிறதா என்று கண் தானாகத் தேடியது. வெறும் மரம்தான் இருந்தது.

"சேட்டா, இது எவிடுன்னு கிட்டிச்சு?"

அவன் வாயைத் திறந்தான். இது எங்களுடையது இல்லை என்று சொன்னால், உங்களுடையது எங்கே என்று கேட்பாள். முதலாளியைச் சொல்ல வேண்டிவரும். மாற்றிக் கட்டிவிட்டார் போல, அவசரத்தில் தவறு நடந்திருக்கும், அதற்காக மனுஷரைப் போலீசில் மாட்டிவிடுவதா? பூமாரியைச் சுமந்துகொண்டு ஓடிய ஜீப் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அப்பன் காலத்துலருந்து வீட்ல கெடந்துச்சு மேடம்."

"நிங்கள்தான் உபயோகிச்சதா?"

"பன்னி வெரட்ட மட்டும்."

சோனா அதை எழுதினாள். அவன் ஒப்புப் போட்டான். கேஸ் இல்லை, போகலாம் என்றாள். அவனை மாதிரி ஒரு முட்டாளை அந்த ஸ்டேஷன் அதற்கு முன் கண்டிருக்காது, ஆனால் அது அன்று அவளுக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் பூமாரி கேட்டாள். "பொட்டப் பாத்துட்டு என்ன சொன்னாக?"

"பொட்டு இல்ல."

"அழிச்சிட்டாகளா? அது அழியாதே."

"அது நம்ம துப்பாக்கியே இல்ல பூமாரி."

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நம்மளுது இல்லேன்னு சொன்னீகளா?"

"சொல்லல."

"கையெழுத்தும் போட்டுட்டீக."

"மொதலாளி மாத்தித் தெச்சிருப்பாக. கேட்டுக்கிறலாம்."

ஜோபியைக் கேட்டபோது அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். கொல்லன் வீட்டில் இரண்டு மூன்று கிடந்தன, இருட்டில் மாறிப்போயிருக்கும் என்றார். "ஏதா இருந்தா என்ன நல்லமுத்தே, ஒரு தோக்கு போச்சு, கேசில்ல. மத்ததை ஞான் டேமுல கொண்டு போட்டாச்சு. விடு." நல்லமுத்து விட்டான். பூமாரி விடவில்லை. இருட்டில் மாறுகிற துப்பாக்கி, தைக்கிறபோது வெளிச்சத்தில்தானே இருந்திருக்கும் என்று காய் எடுக்கிறபோதெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆவணி பிறந்து மழை கொஞ்சம் விட்டிருந்தது. காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஃபாரஸ்ட் ஜீப் வந்தது. சித்திரை மாதம் மேல்காட்டில் சினையாக இருந்த ஒரு காட்டெருமையை, அங்கே சொல்கிற பேரில் காட்டுப்போத்தை, யாரோ சுட்டிருந்தார்கள். குண்டடி பட்டது திரும்பிப் பாய, சுட்டவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறியிருக்கிறான். அது மிதித்ததில் கட்டையின் மூலை ஒடிந்து மண்ணில் கிடந்தது. அந்த மரத்துண்டை ரேஞ்ச் ஆபீசில் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஒப்படைத்த துப்பாக்கிகளை வரிசையாக வைத்து ஒட்டிப் பார்த்தபோது, நல்லமுத்து கொடுத்ததில் அது சரியாகப் போய் உட்கார்ந்தது.

"கேசில்லேன்னீகளே" என்றான் நல்லமுத்து.

"தோக்கு வச்சதுக்குத்தான் கேசில்ல. காட்டுப்போத்தை வெடி வச்சதுக்கு ஆர் மாப்பு தருவா?" என்றார் ஃபாரஸ்டர்.

காய் எடுத்த பெண்கள் பையோடு வந்து தூரத்தில் நின்றார்கள். ஜோபியும் ஸ்டோரிலிருந்து இறங்கி வந்தார். நல்லமுத்துவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முதலாளி வந்துவிட்டார், சொல்லிவிடுவார், எல்லாம் சரியாகிவிடும். ஜோபி அவன் முகத்தைப் பார்க்காமல் ஃபாரஸ்டரிடம் போனார். மலையாளத்தில் பேசினார். இத்தனை வருஷம் அந்த மலையில் கிடந்தவனுக்கு மலையாளம் புரியாதா?

"எத்தர பிராவஸ்யம் பறஞ்சதா சாறே ஞான். வேட்டைக்குப் போகல்லே, போகல்லேன்னு. கேக்கண்டே?"

வேட்டைக்குப் போகாதே என்று எத்தனை தடவை சொன்னேன், கேட்க வேண்டாமா என்று. நல்லமுத்துவை ஜீப்பில் ஏறச் சொன்னார்கள், ஏறினான். பூமாரிதான் பின்னாலேயே ஓடினாள். "மொதலாளி, சொல்லுங்க மொதலாளி, அது உங்களுதுன்னு சொல்லுங்க" என்று கத்திக்கொண்டே ஓடினாள். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. ஜீப் வளைவு திரும்பிவிட்டது. ஜோபி காய் எடுக்கிற பெண்களைப் பார்த்து, "பணிக்குப் போங்க" என்றார்.

ஜாமீன் கிடைக்கப் புரட்டாசி ஆயிற்று. வக்கீலை ஏற்பாடு பண்ணியதும் ஜோபிதான். வெளியே வந்தவனைத் தன் ஜீப்பிலேயே கூட்டிக்கொண்டு வந்தார். வழியில் டீ வாங்கிக் கொடுத்தார், பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, பூமாரியும் கேட்கட்டும் என்றோ என்னவோ, சத்தமாகவே சொன்னார்.

"திங்களாழ்ச ரேஞ்ச் ஆபீசுல வாக்குமூலம் எடுக்கும். நான்தான் வெடி வச்சேன், பன்னின்னு நினைச்சு வச்சேன்னு பறஞ்சாப் போதும். வக்கீலு சிட்சை குறைச்சுத் தரும். நீ வர்ற வரைக்கும் பூமாரி இந்த வீட்டுலதான். ஆரும் எறக்கி விடமாட்டா. அது என்றே வாக்கு."

"நான் வைக்கலியே மொதலாளி" என்றான் நல்லமுத்து.

"அதெல்லாம் எனக்குத் தெரியாமலா? ஆனா ஒப்பு நின்றேயாச்சே."

"வேற மாதிரி சொன்னா?" என்று வாசலில் நின்றபடி பூமாரி கேட்டாள்.

ஜோபி அவளைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "வேற மாதிரின்னா, உங்க தோக்கு வேறன்னு பறயணும். அது எவிடேன்னு அவங்க கேக்கும். கெடு முடிஞ்சுபோச்சே பூமாரி. அதுக்கும் கேசு வரும். ரெண்டு கேசு தாங்குவானா இவன்? பின்னே வேற வீடும் நோக்கணும்."

அவர் போனபின் பூமாரி சுடுதண்ணீர் வைத்தாள், அவன் குளித்தான். சோறு போட்டாள். அவன் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பாம்புக்கடிக்கு நான் அன்னைக்கே செத்துப்போயிருக்கலாம்" என்றாள் பூமாரி.

"என்னத்தா பேசுற?"

"பின்ன? அதுக்குத்தான இத்தன வருஷம் தலையாட்டுனோம். ஒரு உசுரக் காப்பாத்துனவுக இன்னொரு உசுரக் கேப்பாகளா? அவுக நல்ல துப்பாக்கிய வச்சுக்கிட்டு, ஒடஞ்சதத் தெச்சு நம்ம தலையில வச்சுருக்காக. மாறிப்போச்சாம்ல, மாறி."

நல்லமுத்து அழுதான். சோற்றில் கையை வைத்துக்கொண்டே அழுதான். ரிமாண்டில் இருந்தபோதுகூட, வேறு வழியில்லாமல் முதலாளி அப்படிப் பேசியிருப்பார், வந்து கூட்டிக்கொண்டு போவார் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். வந்தார், கூட்டிக்கொண்டும் வந்தார். பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்றதை நினைத்தால்தான் அவனுக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை ஸ்டோர் முற்றத்தில் மூட்டைகள் தயாராக இருந்தன. உலர்ந்த காயின் வாசம் தோட்டம் முழுக்க. ஜோபி கடைசி மூட்டைக்குத் தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, "ஏத்துடா நல்லமுத்தே" என்றார், எப்போதும் போலவே. மற்ற ஆட்களும் நின்றார்கள்.

நல்லமுத்து மூட்டைக்கிட்டே போனான். இடுப்பிலிருந்து கவாத்துக் கத்தியை எடுத்தான். பச்சை நூலை அறுத்தான்.

டிரைவர் ஜீப்பை விட்டுக் கீழே இறங்கினான். நல்லமுத்து மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான்.

"எந்தா நீ காணிக்கிறது?" என்றார் ஜோபி.

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கேன் மொதலாளி."

"காயல்லாம வேற என்ன இருக்கும்?"

"எனக்குத் தெரியாதுல்ல. தெச்சது நீங்க." கையை வெளியே எடுத்தான். விரலிடுக்கில் இரண்டு காய் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைத் திரும்ப மூட்டைக்குள்ளேயே போட்டான். "காய்தான். அடுத்த மூட்டையையும் பாத்துட்டுத்தான் தூக்குவேன். இனிமே எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் தூக்குவேன்."

ஜோபியின் முகம் சிவந்துபோனது. அத்தனை பேருக்கு முன்னால் அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. "நாளைக்கு வீடு ஒழியணும். கேட்டியா?"

"ஒழிஞ்சு தாரேன்" என்றான் நல்லமுத்து.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் பண்டங்களைக் கட்டினார்கள். ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருந்தது. பூமாரி ஒன்றும் சொல்லாமல் கத்தியையும் களைக்கொத்தையும் சாக்கு ஊசியையும் கழுவி, பலகையில் வைத்துப் பொட்டு வைத்தாள். வேறு எந்த வீட்டில் இருப்போமோ, இந்த வீட்டில் வைத்ததாவது இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. துப்பாக்கி வைக்கிற இடம் வெறுமனே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் குங்குமச் சிமிழை மூடினாள்.

திங்கட்கிழமை இருவரும் ரேஞ்ச் ஆபீசுக்குப் போகவில்லை, முதலில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். மூட்டை முடிச்சைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அதே மேஜை, அதே சோனா. நல்லமுத்து முதலிலிருந்து சொன்னான். சொல்லத் தெரியாமல் முன்னும் பின்னுமாகச் சொன்னான். நடுவில் பூமாரி எடுத்துக்கொடுத்தாள். சோனா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்போ நிங்களுடைய தோக்கு எவிடே?"

"மொதலாளிட்ட இருக்கு. டேமுல போட்டேன்னாரு. நல்ல துப்பாக்கி மேடம் அது, அவரு போடமாட்டாரு" என்றாள் பூமாரி. "கட்டையில பொட்டு இருக்கும். நான் வச்சது. சொரண்டினாலும் போகாது."

"சேச்சி, ஒரு காரியம் ஆலோசிக்கணும்." சோனாவின் குரல் இறங்கியது. "கெடு முடிஞ்சுபோச்சு. ஒரு தோக்கு வீட்டுல இருந்துச்சுன்னு நிங்களே பறயுது. அதுக்கும் நிங்கள்மேல கேசு வரும். மனசிலாச்சா?"

"மனசிலாச்சு." பூமாரி புருஷனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். "எழுதுங்க. பரண்ல வச்சோம், பன்னி வெரட்டுனோம், கறி தின்னோம், பொட்டு வச்சுக் கும்பிட்டோம். எங்க துப்பாக்கிக்கு எங்க மேல கேசு எழுதுங்க மேடம். அடுத்தவுக துப்பாக்கிக்கு மட்டும் எழுதாதீக."

சோனா பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு புதுத் தாளை எடுத்தாள். முதலில் கேட்டது ஜோபியின் முழுப் பெயரை. நல்லமுத்து வாயைத் திறந்தான். "மொதலாளி" என்றுதான் வந்தது. அதை விட்டுவிட்டு, பெயரைச் சொன்னான்.